இரவல் வளவில் ஒரு மாங்கன்று

ஆனி மாதம் முடியப் போகிறது. சோழகக் காற்று இரவு பகலாக வீசுகிறது. எமது கிணற்று வாளிக் கயிற்றோடு இன்னும் ஒரு பாகம் கயிறு சேர்த்து முடிந்தாயிற்று. ஒரு வீட்டுத்தோட்டம் எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் மார்கழியில் வரக்கூடாது. மார்கழியில் எவருடைய வளவும் பச்சைதான். ஆனிக் கடைசியில் வரவேண்டும். அப்போதுதான் தோட்டக்காரன் செய்ததும் செய்யாமல் விட்டதும் வெளியே தெரியும்.

நாங்கள் இருப்பது இரண்டு பரப்பு வளவு. எங்களுடையது அல்ல, இரவல் காணி. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் செய்த கைகளுக்கு இந்த வெள்ளை மணல் புதியது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் எங்கே போனது என்று தெரியாது. அந்த மண்ணில் இந்தக் கோடையில் கண்டதைக் கொண்டு ஒரு கருத்தை வாசகர் முன் வைக்கலாம் என்று எண்ணுகிறேன். கருத்துக்கு முன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

சித்திரையில் 24 கத்தரிக் கன்று நட்டோம். 17 நிற்கின்றன. கிழமைக்கு இரண்டு தரம் காய் பிடுங்குகிறோம். வெண்டி 30 கன்றில் 8 கன்றுக்கு இலை நரம்பு மஞ்சளாகியது. வெள்ளை ஈ பரப்பும் நோய் அது. மருந்தால் மாறாது. பிடுங்கி எரித்தோம். மற்றவை காய்க்கின்றன. மிளகாயில் பாதிக்கு இலைச் சுருட்டை. தக்காளி பூத்தது, சூட்டிலும் காற்றிலும் பூவெல்லாம் கொட்டிவிட்டது. அது எங்கள் பிழை. தக்காளிக்கு இது காலமல்ல என்று தெரிந்தும் கன்று சும்மா கிடைத்ததே என்று நட்டோம். பாகலுக்குப் பழ ஈ வந்தது. பிஞ்சிலேயே பழைய பத்திரிகைத் தாளில் உறை செய்து கட்டிய காய்கள் தப்பின, கட்டாதவை அழுகின. பயிற்றை காய்த்து ஓய்ந்துவிட்டது. நல்ல நெற்றாகப் பார்த்து விதைக்கு எடுத்துச் சாம்பலில் பிரட்டிப் போத்தலில் வைத்திருக்கிறோம்.

இனி மரங்களுக்கு வருவோம். பாத்திரம் கழுவும் இடத்தோடு நாலு வாழை அடி. இலைகள் காற்றில் கிழிந்து தொங்கினாலும் ஒரு கதலி குலை தள்ளியிருக்கிறது. பூவரசங் கவர்த்தடியால் முட்டுக் கொடுத்திருக்கிறோம். பப்பாசி நாலு வைத்ததில் இரண்டு ஆண். மகரந்தத்துக்காக ஒன்றை விட்டு மற்றதை வெட்டினோம். பெண் மரம் இரண்டிலும் காய் அடுக்கடுக்காக இருக்கிறது. வேலியில் ஊன்றிய முருங்கைத் தடிகள் மூன்றும் தழைத்து நிற்கின்றன. தண்ணீர் கேட்கவில்லை. தேசி ஒன்று இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. வளவின் நடுவே ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் ஒன்று, நட்டு ஒன்றரை வருடம். தை மாதத்தில் பூத்தது, கன்று இளைத்துவிடும் என்று பூவைக் கிள்ளிவிட்டேன்.

அந்த மாங்கன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

“ஆற்றையோ காணியிலை ஏன் மாமரம்?”

அதை நட்ட நாள் தொடக்கம் பார்ப்பவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். “கத்தரி, வெண்டி வை. காய்ச்சால் சாப்பிடலாம். மாமரம் ஆற்றையோ காணியிலை ஏன்? நாளைக்கு எழும்பு எண்டால் தலையிலையே தூக்கிக்கொண்டு போகப்போறாய்?” என்று பக்கத்து வளவு அக்கா கேட்டார். நகைச்சுவையாகக் கேட்டாலும் அது எமது மக்கள் எல்லாருடைய மனத்திலும் உள்ள கேள்வி. இடம்பெயர்ந்தவன் கீரை போடலாம், மரம் நடக்கூடாது என்பது எழுதப்படாத ஒரு சட்டம்போல எம்மிடையே நிலைத்துவிட்டது.

அந்தச் சட்டம் பிழையானது என்பதே எனது கருத்து.

முதலாவது காரணத்தை இந்த ஆனி மாதமே சொல்கிறது. மேலே சொன்ன கணக்கை மீண்டும் பாருங்கள். தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொன்றாக விழுந்தவை மூன்று மாதப் பயிர்கள். நின்றவை முருங்கையும் பப்பாசியும் வாழையும் வேலியோரத்து அகத்தியும் மரவள்ளியும். எமது பிரதேசத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. மாசிக்குப் பின் சித்திரையில் சிறு மழை, அதன்பின் ஆவணி புரட்டாதி வரை அநேகமாக ஒன்றுமில்லை. மேல்வேர் மட்டும் உள்ள பயிரை நம்பிய வளவு வருடத்தில் நாலைந்து மாதம் சும்மா கிடக்கும். வேர் ஆழமாகப் போகும் மரமே கோடையில் சோறு போடும். முருங்கையிலையும் பப்பாசிப் பழமும் பிள்ளைகளின் கண்ணுக்கும் உடம்புக்கும் தரும் சத்தைக் காசு கொடுத்து வாங்க எம்மில் எத்தனை பேரால் முடியும்?

இரண்டாவது காரணம் காலக் கணக்கு. “அடுத்த வருடம் போய்விடுவோம்” என்று நாம் எத்தனை வருடம் சொன்னோம்? 1990 இல் சொன்னோம். 1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தபோது சொன்னோம். 2009 இல் வன்னியிலிருந்து வவுனியா முகாம்களுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். சிலர் போனார்கள், சிலர் பாதிக் காணிக்குப் போனார்கள், இன்னும் போகாத குடும்பங்களும் உள்ளன. ஒட்டு மாங்கன்று மூன்று நாலு வருடத்தில் காய்க்கும். தேசியும் அப்படியே. வாழை ஒரு வருடத்தில், பப்பாசி ஒன்பது பத்து மாதத்தில், முருங்கைத் தடி ஒரு வருடத்துக்குள் பலன் தரும். 1990 இல் இறங்கிய முதல் வளவில் நான் ஒரு மாங்கன்று வைத்திருந்தால் என் மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகும்போதே அதன் பழத்தைத் தின்றிருக்கும். “போய்விடுவோம்” என்ற நம்பிக்கை நல்லது. ஆனால் அந்த நம்பிக்கையின் பெயரால் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நல்லதல்ல. மரம் நட்டவன் ஊரை மறந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. ஊருக்குப் போகும் நாள்வரை பிள்ளைகளைச் சத்தோடு வைத்திருக்கிறான் என்பதே அர்த்தம்.

காணிக்காரரின் பயமும் நியாயமானது

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நான் ஒருமுறை இதில் பட்டவன். முன்னர் இருந்த வளவொன்றில் எவரையும் கேளாமல் 12 வாழையும் இரண்டு தேசியும் ஒரு மாதுளையும் வைத்தேன். எல்லாம் நன்றாக வந்தன. வெளியூரிலிருந்து காணிக்காரர் வந்து பார்த்தார். மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. ஒரு மாதத்தில் எழும்பச் சொன்னார். போகும்போது மாதுளை பூத்து நின்றது. பல காலம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் பிழையில் பாதி என்னுடையது. பத்து வருடம் ஆண்டால் காணி ஆண்டவனுக்குப் போய்விடும் என்ற பயம் காணிக்காரருக்கு உண்டு. சட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. வேலி போடுவதும் மரம் நடுவதும் அந்தப் பயத்தைக் கூட்டும். நாமும் காணிக்காரர்தானே? பூட்டிக் கிடந்த எமது காணியை வேறொருவர் ஆண்டு எடுத்துவிடுவாரோ என்று எத்தனை இரவு நித்திரையின்றிக் கிடந்தோம்? போர்க்காலத்தில் தம் காணிக்குப் போகமுடியாதிருந்தவர்களின் உரிமையைக் காக்க 2016 இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததே அந்தப் பயம் பொய்யல்ல என்பதற்குச் சாட்சி.

ஆகவே, நடமுன் கேட்போம். கேட்டதை எழுதுவோம். இந்த வளவுக்கு வந்தபோது காணிக்காரருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். அதில் உள்ளவை நாலே விடயங்கள்: அவருடைய அனுமதியோடுதான் இங்கே இருக்கிறேன். நடும் மரங்களால் காணியில் எனக்கு எந்த உரிமையும் வராது. இருக்கும்வரை பலன் எங்களுக்கு, போகும்போது மரம் அவருக்கு. எழுப்புவதென்றால் ஒரு போக காலம் முன்னே சொல்லவேண்டும். இருவரும் ஒப்பமிட்டு, ஊரிலுள்ள இரு பெரியவர்கள் சாட்சி வைத்து, ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறோம். அனுமதியோடு இருப்பவன் என்று எழுத்தில் இருப்பது அவருடைய பயத்தைத் தீர்த்தது. முன்னறிவித்தல் என்ற சொல் என்னுடைய பயத்தைத் தீர்த்தது. மாங்கன்றை நடும்போது, “நடு இடத்திலை வை, நிழல் வீட்டுக்கு விழட்டும்” என்று இடம் காட்டியவரே அவர்தான்.

இது புதிய யோசனையும் அல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில் எழுத்தில் தொகுக்கப்பட்ட எமது தேசவழமையிலேயே, ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர் தென்னை முதலியவற்றை நட்டு வளர்த்தால் இருவருக்கும் பங்கு உண்டு என்றும், கன்றைக் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு கூடிக் குறையும் என்றும் உள்ளது. நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது என்ற நிலையை எமது முன்னோர் அறிந்திருந்தார்கள், அதற்கு வழியும் பேசி வைத்தார்கள்.

காணிக்காரர் சம்மதிக்காவிட்டால்? அப்போதும் வழி உண்டு. தேசி, மாதுளை, கறிவேப்பிலை, ஒட்டுக் கொய்யா ஆகியவற்றைப் பழைய வாளியிலும் மண்ணெண்ணெய் பரலை இரண்டாக வெட்டியும் வளர்க்கலாம். அடியில் ஓட்டை போட மறக்கக்கூடாது. எழும்பும்போது கூடவே வரும். முருங்கைக்குத் தடி, வாழைக்குக் குட்டி, மரவள்ளிக்குத் தடி, வற்றாளைக்குக் கொடி. இவை எல்லாம் ஒரு சாக்குக்குள் அடங்கும் தோட்டம்.

தண்ணீர்: யார் அள்ளுவது?

“மரமும் வைத்தால் தண்ணீருக்கு எங்கே போவது?” என்பது அடுத்த கேள்வி. எங்கள் தோட்டத்துக்கு வைகாசியில் நாளுக்கு 40 வாளி ஊற்றினோம். வாளி 10 லீற்றர், ஆக 400 லீற்றர். இப்போது 25 வாளியாகக் குறைத்துவிட்டோம். கிணறு குறைந்ததால் மட்டுமல்ல. எமது நிலத்தின் கீழ் உள்ள நன்னீர் மழையால் ஊறியது, உவர்நீரின் மேல் மிதப்பது. கோடையில் இயந்திரம் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே வரும். பின்னர் குடிக்கவும் உதவாது.

25 வாளியில் எப்படிச் சமாளிக்கிறோம்? கடைசிக் காய் பிடுங்கிய பாத்திகளைக் கைவிட்டோம். சாகப்போகும் பத்துக் கன்றுக்கு ஊற்றும் தண்ணீர் வாழப்போகும் ஐந்து கன்றைக் கெடுக்கும். இது கசப்பாக இருந்தாலும் ஆனியில் செய்யவேண்டிய முடிவு. பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் வாய்க்கால் வெட்டி வாழைக்கும் பப்பாசிக்கும் விட்டிருக்கிறோம். அவற்றுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளியும் இல்லை. மாங்கன்றுக்கும் தேசிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நிரப்பி மூடி வைத்திருக்கிறோம். அது கசிந்து வேருக்குப் போகும். இரண்டு நாளைக்கொருமுறை நிரப்பினால் போதும். எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த இலை, பனையோலைத் துண்டு, தேங்காய்ப் பொச்சு ஆகியவற்றைப் பரப்பியிருக்கிறோம். வெயில் மண்ணைத் தொடாவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஊற்றுவது பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு.

இங்கே ஆண்களுக்கு ஒரு சொல். வீட்டுத்தோட்டம் பெண்களின் வேலை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். 40 வாளி அள்ளியது யார் என்று எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்தபோது 30 வாளி என் மனைவியும் மகளும் அள்ளியது என்று தெரிந்தது. நான் அள்ளியது பத்து. ஆனால் விருந்தினருக்குத் தோட்டம் காட்டியவன் நான். கிணறு இறங்க இறங்கக் கயிறு நீளும், கயிறு நீள நீள நாரி நோகும். தண்ணீர் அள்ளுவதைப் பங்கிடாத வீட்டில் தோட்டம் இன்னொரு சுமையாகவே இருக்கும். வைகாசியிலிருந்து நான் காலையும் அவர்கள் பின்னேரமுமாக மாறிவிட்டோம்.

உதவி செய்வோருக்கும் ஒரு வேண்டுகோள்

எமக்கு உதவும் நிறுவனங்களைப் பற்றியும் மனம் திறந்து சொல்லவேண்டும். இந்த இதழை நடத்துவோர் போன்றவர்களும் இதில் விலக்கல்ல. வைகாசியில் வருகிறார்கள். வெண்டி, தக்காளி, கரட் என்று வர்ணப் படம் போட்ட விதைப் பக்கற் தருகிறார்கள். ஒரு படம் எடுக்கிறார்கள். மணலில், சோழகத்தில், கரட்டை எங்கே போடுவது? விதைகளில் சில கலப்பினம், அதிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்தால் தாயைப்போல் வராது. ஆவணியில் மதிப்பீட்டுக்கு வந்து, “இந்த மக்களுக்கு அக்கறை இல்லை” என்று எழுதுகிறார்கள்.

எமக்கு வேண்டியது வேறு. ஐப்பசி மழைக்கு முன் ஒட்டுக் கன்றுகளும் வாழைக் குட்டிகளும் வரட்டும். மழையே அவற்றுக்கு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிவிடும். வாளி, மண்வெட்டி, ஆடுமாடு புகாத வேலிக்கு முட்கம்பி தாருங்கள். இரண்டு மூன்று குடும்பத்துக்கு ஒரு கிணறு துப்புரவாக்க உதவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காணிக்காரரோடு பேச ஒரு பெரியவரைக் கூட்டி வாருங்கள். அந்தத் தாளுக்குச் சாட்சியாக நில்லுங்கள். அதற்குச் செலவு ஒரு பேனை மட்டுமே.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அதே ஆண்டு கார்த்திகையில் அந்த முடிவைக் கைவிட்டார்கள். 2022 நெருக்கடியில் நாடு முழுவதும் வீட்டுத்தோட்டம் என்று பேசியது. அரச ஊழியருக்குத் தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை லீவும் கொடுத்தார்கள். நல்ல விடயம்தான். ஆனால் தோட்டம் செய்ய நிலம் இருக்கிறதா என்று எம்மிடம் எவரும் கேட்கவில்லை. கட்டளையிட்டு ஒரு மாதத்தில் கூட்டெருவை உண்டாக்க முடியாது என்பதையும், நாளைக்குக் கலைக்கப்படலாம் என்று இருப்பவன் மண்ணைத் திருத்தமாட்டான் என்பதையும் அந்த இரண்டு வருடங்களில் கண்டோம். இரண்டுக்கும் காலம் வேண்டும், நிம்மதி வேண்டும்.

இனிச் செய்யவேண்டியவை

ஆடியும் ஆவணியும் வெறும் காத்திருப்பு மாதங்கள் அல்ல. கைவிட்ட பாத்திகளில் கிளிசரிடியா, பூவரசு, வேப்பங் குழைகளைத் தாழ்த்து மண்ணால் மூடுங்கள். எமது தோட்டக்காரர் பரம்பரையாகச் செய்த வேலை அது. மழை வரும்போது உக்கிவிடும். மாட்டெருவும் சாம்பலும் சேர்த்துக் குப்பைக்கிடங்கை நிரப்புங்கள். மரம் நடும் குழியை இப்போதே இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் வெட்டி வெயில் படவிட்டு, புரட்டாதியில் எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். ஐப்பசியில் கன்று வையுங்கள். வேப்பங்கொட்டை விழும் காலம் இது. பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு இரவு ஊறவைத்து, வடித்துச் சிறிது சவர்க்காரம் சேர்த்துத் தெளித்தால் இலை தின்னும் புழுவுக்கும் சாறு குடிக்கும் பூச்சிக்கும் உதவும். முக்கியமாக, மழைக்கு முன் காணிக்காரரோடு பேசுங்கள்.

பக்கத்து வளவு அக்காவின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. பின்னர் சொன்னேன். 1995 இல் தென்மராட்சியில் ஒரு வளவில் எட்டுக் குடும்பம் இருந்தோம். அந்த வீட்டு முருங்கையும் பப்பாசியும் இல்லாவிட்டால் பிள்ளைகள் வெறும் சோறுதான் தின்றிருக்கும். பெரிய மாமரத்தின் கீழ்தான் படுத்தோம். அவற்றை நட்டவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எங்களை நினைத்தும் நடவில்லை. நாங்கள் போனபின் இந்த மாமரத்தின் கீழும் யாரோ இருப்பார்கள். காணிக்காரரின் பேரப்பிள்ளையாக இருக்கலாம், எங்களைப்போல மூட்டையோடு வந்தவராகவும் இருக்கலாம்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சென்ற கிழமை வந்து, “ஐப்பசிக்கு எனக்கும் ஒரு ஒட்டுக்கன்று எடுத்துத் தாறியோ, தம்பி? காணிக்காரரோடை கதைச்சிட்டன்” என்று கேட்டார். இப்போது அவருடைய வளவில் குழி வெட்டியாகிறது.